புகைப்பெட்டியும் மூன்று வெப்பமானிகளும்

இறைச்சியையும் மீனையும் புகை காட்டிப் பதப்படுத்தும் வழக்கம் மிகப் பழைமையானது. உப்பு நீரை வெளியே இழுக்கிறது. வெப்பம் மேற்பரப்பை உலர்த்துகிறது. புகையிலுள்ள சில வேதிப்பொருள்கள் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. குளிர்பதனப் பெட்டி வந்தபின் இந்தத் தேவை பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆனால் புகையின் மணத்துக்குப் பழகிய நாக்கு மாறவில்லை. அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸ் போன்ற தென்மாநிலங்களில், பெரிய இறைச்சித் துண்டை விறகுப் புகையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக வேகவைப்பதை ஒரு கலையாகவே போற்றுகிறார்கள். இரவெல்லாம் கண்விழித்து விறகுக்குக் காவல் இருக்க இயலாதவர்களுக்காக வந்ததுதான் மின்சாரப் புகைப்பெட்டி.

பார்வைக்கு இது ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி போல இருக்கும். இரட்டைச் சுவர், இடையில் வெப்பத்தைக் கடத்தாத பஞ்சு. அடியில் சுமார் 800 வாட் மின்கம்பிச் சுருள். அதன்மேல் மரச்சில்லுகள் வைக்கும் தட்டு, அதற்கும் மேல் ஒரு தண்ணீர்த் தட்டு, பிறகு இறைச்சியைத் தாங்கும் கம்பித் தட்டுகள், உச்சியில் புகை வெளியேற ஒரு துளை. அவ்வளவுதான். வேண்டிய வெப்பநிலையை முகப்பில் குறித்துவிட்டால், பெட்டி தானே அதைக் காத்துக்கொள்ள வேண்டும். அங்கு வழக்கமாக வைக்கும் அளவு 225 பாரன்ஹீட். நம் கணக்கில் 107° செ.

என்னிடம் படித்து இப்போது அந்நாட்டில் பணிபுரியும் மாணவர் ஒருவர் இத்தகைய பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். அவர் எழுதிக் கேட்ட கேள்வி இது: "ஐயா, 107-இல் வைத்தேன். முகப்பு எண் 107 என்றே காட்டுகிறது. கதவில் பதித்துள்ள வட்டமானி 121 காட்டுகிறது. கம்பித் தட்டில் நானாக வைத்த வெப்பமானியோ 96 என்கிறது. மூன்றில் எது பழுது?"

மூன்றுமே பழுதில்லாமல் இருக்கலாம் என்பதுதான் விடை. வெப்பமானி எதையோ "பார்த்து" அதன் வெப்பநிலையைச் சொல்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் எந்த வெப்பமானியும் தன் சொந்த வெப்பநிலையை மட்டுமே சொல்லும். அதன் நுனிக்கு ஒரு பக்கம் சூடான காற்று வெப்பம் தருகிறது; இன்னொரு பக்கம் சிவந்த சுருளும் சூடான சுவரும் கதிர்வீச்சாக வெப்பம் தருகின்றன; குளிர்ந்த இறைச்சி எதிரே இருந்தால் நுனி அதை நோக்கி வெப்பத்தை இழக்கிறது. வரவும் செலவும் சமமாகும் இடத்தில் நுனி நிற்கிறது. அந்த எண்ணைத்தான் நாம் படிக்கிறோம்.

மாணவரின் பெட்டிக்கு வருவோம். சூடான காற்று மேலே எழும். கதவின் வட்டமானி உச்சிக்கு அருகில் இருப்பதால் அதிகம் காட்டுகிறது. பெட்டியின் உணரி பின்சுவரில் இருக்கிறது. அது சுவரோரக் காற்றின் கதையைச் சொல்கிறது. அவர் வைத்த வெப்பமானி குளிர்ந்த இறைச்சிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்திருக்கும். ஈர இறைச்சியைத் தழுவி வரும் காற்று குளிர்ந்தே வரும். இறைச்சிக்கு முக்கியமான எண் அந்த மூன்றாவதுதான் என்றாலும், அதையும் இறைச்சியிலிருந்து நாலைந்து சென்டிமீட்டராவது தள்ளி, சுருளின் நேர்ப்பார்வை படாத இடத்தில் வைக்க வேண்டும்.

கருவியே தவறாகக் காட்டுகிறதா என்று சோதிப்பது எளிது. நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் நுனியை நிறுத்துங்கள். 0° காட்ட வேண்டும். கொதிக்கும் நீரில் 100° காட்ட வேண்டும். இரண்டாவது சோதனையில் ஊரின் உயரத்தை மறக்கக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 100 காட்டாத வெப்பமானியைத் தூக்கி எறிபவர் நல்ல கருவியை இழக்கிறார்.

அடுத்த புகார் ஊசலாட்டம். 107-இல் வைத்தால் ஒருமுறை 118, ஒருமுறை 98 என்று ஏறி இறங்குகிறது. எனவே கட்டுப்பாடு கெட்டுவிட்டது என்கிறார்கள். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கவனியுங்கள். சிறிது நேரம் விளக்கு எரிகிறது; 'டிக்' என்ற ஒலி; விளக்கு அணைகிறது; மறுபடி எரிகிறது. உள்ளே ஈருலோகப் பட்டை ஒன்று வளைந்தும் நிமிர்ந்தும் மின்சுற்றைத் திறந்து மூடுகிறது. இந்தத் தத்துவம் நெடுங்காலத்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், முட்டை பொரிக்கும் அடுப்பின் காற்று வழியைத் தானாகத் திறந்து மூடும் அமைப்பைச் செய்தார். திரவம் விரிவதுதான் அதற்கு இயக்கம். 'தெர்மோஸ்டாட்' என்ற சொல்லை 1830-இல் வழங்கியவர் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர். அவருடையது ஈருலோகப் பட்டை.

இத்தகைய கட்டுப்பாட்டுக்கு இரண்டே சொற்கள் தெரியும்: 'முழுதும்', 'இல்லை'. 103-க்குக் கீழே போனால் இயக்கு, 111-க்கு மேலே போனால் நிறுத்து என்று அமைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளியே இல்லாமல் 107-இலேயே இயக்கி நிறுத்தினால், தொடுமுனை நிமிடத்துக்குப் பலமுறை துடித்து விரைவில் எரிந்துபோகும். ஆகவே இந்த இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. 111-இல் மின்சாரம் நின்றாலும், பழுக்கக் காய்ந்த சுருள் தன்னுள் சேர்ந்த வெப்பத்தை இன்னும் சில நிமிடம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். காற்று 118-ஐ எட்டிவிடும். திரும்பி வரும்போதும் அப்படியே. சுருள் சூடேறுவதற்குள் 98 வரை இறங்கிவிடும்.

இதனால் இறைச்சிக்குக் கெடுதல் உண்டா? இல்லை எனலாம். 5 கிலோ எடையுள்ள துண்டின் வெப்பக் கொள்ளளவு மிகப் பெரிது. கால் மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் காற்றின் ஆட்டம் அதன் உட்பகுதிக்குப் போய்ச் சேருவதே இல்லை. அதற்குத் தெரிவது சராசரி மட்டுமே. ஆகவே ஒரு கணத்தில் கண்ட எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பெட்டியை வெறுமையாக மூடி வைத்து, முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டு, அடுத்த ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துச் சராசரி காணுங்கள். சராசரி 107-ஐ ஒட்டி இருந்தால் பெட்டி நலமாக இருக்கிறது. சராசரியே விலகி நின்றால் மட்டுமே பழுதைத் தேட வேண்டும்.

புதிய பெட்டிகளில் நுண்செயலி இருக்கிறது. பிழை எவ்வளவு, இதுவரை சேர்ந்த பிழை எவ்வளவு, பிழை எந்த வேகத்தில் மாறுகிறது என்ற மூன்றையும் கூட்டிப் பார்த்து மின்சாரத்தை அளந்து விடுகிறது. கப்பலைத் தானாகத் திசை திருப்பும் முறையை ஆராய்ந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் வெளியிட்ட கோட்பாட்டின் வழி வந்தது இது. ஊசலாட்டம் ஓரிரு டிகிரிக்குச் சுருங்கிவிடும். ஆனால் இந்தக் கெட்டிக்காரக் கட்டுப்பாட்டையும் ஏமாற்ற ஒரு வழி உண்டு: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது.

கதவைத் திறந்தால் எவ்வளவு வெப்பம் போகும்? பெட்டியின் உள்ளளவு ஒரு கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அதிலுள்ள சூடான காற்றின் நிறை 93 கிராம் அளவே. அதை 30 டிகிரியிலிருந்து 107-க்கு ஏற்ற 7 கிலோஜூல் போதும்; 800 வாட் சுருள் ஒன்பது வினாடியில் தந்துவிடும். அதாவது போன வெப்பம் அற்பம். சுவரும் இறைச்சியும் சூடாகவே இருக்கின்றன. ஆனால் காற்றை மட்டும் அறியும் உணரி "பெட்டியே குளிர்ந்துவிட்டது" என்று அலறுகிறது. நுண்செயலி பிழையைக் கூட்டிக்கொண்டே போய், கதவு மூடியபின் முழு வேகத்தில் சுருளைக் காய்ச்சுகிறது. விளைவு 125, 130. ஏறிய வெப்பநிலையை இறக்க அதனிடம் வழியே இல்லை. இந்தப் பெட்டிக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. குளிர்விப்பது சுவரின் கசிவும் உச்சித் துளையும்தான்.

கதவைத் திறப்பதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மரச்சில்லு எரியக் கூடாது, கனிய வேண்டும். அதற்காகவே காற்று அளவாக விடப்படுகிறது. கதவைத் திறந்ததும் பாயும் உயிர்வளி கனிந்த சில்லைத் தீப்பிடிக்கச் செய்யலாம். அப்போது ஏறும் வெப்பம் மின்சாரத்தால் வந்ததல்ல. எந்தக் குமிழைத் திருப்பியும் அதை அடக்க முடியாது. கதவையும் துளையையும் மூடித் தீயை அமர்த்துவதே வழி.

இனி எதிர்ப்பக்கப் புகார்: எவ்வளவு நேரம் ஆனாலும் 107-ஐ எட்டவே இல்லை. இங்கே ஓம் விதி தெரிந்த மாணவரே மருத்துவர். 120 வோல்ட்டில் 800 வாட் தரும் சுருளின் மின்தடை 18 ஓம்; மின்னோட்டம் 6.7 ஆம்பியர். பெட்டி கொல்லையில் இருக்கிறது. மின்சாரம் வீட்டிலிருந்து 30 மீட்டர் நீட்டிப்புக் கம்பி வழியாக வருகிறது. கம்பியின் குறுக்குப் பரப்பு 1.3 சதுர மில்லிமீட்டர் என்றால், போக வர 60 மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.8 ஓம். மொத்தத் தடை 18.8 ஓம் ஆகிறது. சுருளுக்குக் கிடைப்பது 733 வாட் அளவே. இதைவிட மெல்லிய கம்பி என்றால் இழப்பு இன்னும் கூடும். சுருட்டி வைத்த கம்பி சூடேறி ஆபத்தும் தரும்.

கோடையில் இந்தக் குறை தெரியாது. பெட்டி ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 4 வாட் வெப்பத்தை வெளியே இழக்கிறது என்று கொள்வோம். வெளியே 30 டிகிரி இருந்தால் 107-ஐக் காக்க 308 வாட் போதும். சுருள் பாதி நேரத்துக்கும் குறைவாகவே வேலை செய்யும். பனிக்காலத்தில் வெளியே –10 ஆனால் 468 வாட் வேண்டும். பலத்த காற்றடித்து, கதவின் ரப்பர்ப் பட்டையும் நைந்து, கசிவு இருமடங்கானால் 936 வாட்! 800 வாட் சுருள் இரவு பகலாக எரிந்தாலும் எட்டாது. முகப்பிலுள்ள எண்ணை 120 என்று மாற்றி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே முழுதும் ஓடுபவனை மேலும் ஓடச் சொல்வது போன்றது அது. காற்றுக்கு ஒரு தடுப்பும் கதவுக்கு ஒரு புதிய பட்டையும் தேவை.

சுருளின் முனையில் கம்பி செருகப்படும் இணைப்பும் சந்தேகத்துக்குரியது. சூடு, ஈரம், கொழுப்பு மூன்றும் சேர்ந்து அதை அரிக்கின்றன. அங்கே அரை ஓம் தடை தோன்றினாலும், 6.7 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு முனையில் சுமார் 22 வாட் வெப்பம் பிறக்கிறது. முனை கருகுகிறது, கருகியதால் தடை கூடுகிறது, கூடியதால் மேலும் கருகுகிறது. "சுருள் போய்விட்டது" என்று புதுச் சுருள் வாங்குவதற்கு முன், மின்சாரத்தை அடியோடு பிடுங்கிவிட்டு இந்த இணைப்பைப் பாருங்கள்.

உணரியின் பழுது இன்னும் சுவையானது. பிளாட்டினக் கம்பி உணரி ஒன்று 0 டிகிரியில் 100 ஓமும், 100 டிகிரியில் 138.5 ஓமும் தடை காட்டும். வெப்பம் ஏறத் தடை ஏறும். அதன் இணைப்பில் துரு சேர்ந்து 1 ஓம் கூடினால், கருவி 2.6 டிகிரி மிகையாகப் படித்துவிடும். முன்னதாகவே மின்சாரத்தை நிறுத்திவிடும். பெட்டி நாம் அறியாமலே குளிர்ந்து கிடக்கும். வேறு சில பெட்டிகளில் இருப்பது தெர்மிஸ்டர். இதில் வெப்பம் ஏறத் தடை இறங்கும். அறை வெப்பத்தில் 1 லட்சம் ஓம் உள்ள ஒரு வகை, 107 டிகிரியில் 6 ஆயிரம் ஓமுக்கு அருகில் வரும். அதற்கு ஓரிரு ஓம் துரு ஒரு பொருட்டல்ல. ஆனால் ஈரமும் புகைக்கரியும் இரு கம்பிகளுக்கிடையே ஒரு கள்ளப் பாதை அமைத்தால் தடை குறைந்து, இல்லாத வெப்பத்தைக் காட்டும். துருவும் ஈரமும் வெவ்வேறு காரணங்கள், நோய் ஒன்றே. இரண்டிலும், உணரியின் நுனியில் படியும் பிசின் ஒரு கம்பளி போலாகி அதன் பதிலைத் தாமதப்படுத்தும், ஊசலாட்டம் பெருகும். ஈரத்துணியால் துடைத்தாலே பல பெட்டிகள் குணமாகிவிடுகின்றன.

எல்லாவற்றினும் அஞ்ச வேண்டியது எண் ஏறிக்கொண்டே போவது. மின்சுற்றைத் திறந்து மூடும் ரிலேயின் தொடுமுனைகள் பொறியால் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. குறைகடத்தி ரிலே கெடும்போதும் பெரும்பாலும் 'மூடிய' நிலையிலேயே கெடும். நுண்செயலி "நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கேட்க ஆளில்லை. கீழே கொழுப்புத் தட்டு வேறு இருக்கிறது. இதற்காகவே, நுண்செயலியைச் சாராமல் தானாகவே அறுத்துவிடும் தனி வெப்பத் துண்டிப்பான் வைக்கிறார்கள். அது அடிக்கடி விழுகிறது என்று அதை இணைத்துவிட்டு ஓட்டுபவர் வீட்டுக்குத் தீ வைக்கிறார்.

சரி, சுருள், உணரி, ரிலே எல்லாம் நலம். ஆனால் புகையே வரவில்லை! இது கட்டுப்பாடு கெட்டதால் வரும் குறையன்று. கட்டுப்பாடு மிக நன்றாக இருப்பதால் வரும் குறை. மரம் சிதைந்து புகை தர 200 டிகிரிக்கு மேல், நல்ல புகைக்கு 300-ஐ ஒட்டிய வெப்பம் வேண்டும். அதைத் தருவது சுருள் சிவந்திருக்கும் நேரம் மட்டுமே. நல்ல சுவர், வெயில் நாள், நுண்செயலி மூன்றும் கூடினால் சுருள் சிவக்கவே வேண்டியிருக்காது. சில்லுகள் வெறுமனே உலர்ந்து கிடக்கும். புகைக்கென்று தனியாக ஒரு சிறு கனல் பெட்டியைப் பக்கத்தில் இணைப்பதே இதற்குச் சரியான தீர்வு என்பது என் கருத்து. ஒரே சுருளிடம் இரண்டு வேலையை ஒப்படைத்தது அமைப்பாளரின் பிழை.

கடைசியாக, பெட்டியைப் பற்றி எழும் புகார்களிலேயே மிகப் பிரபலமானது. இறைச்சியின் நடுவில் குத்திய வெப்பமானி முதல் சில மணி நேரம் ஒழுங்காக ஏறுகிறது. 65, 70-ஐ ஒட்டி வந்ததும் நின்றுவிடுகிறது. ஒரு மணி, இரண்டு மணி, சில வேளை அதற்கும் மேல் அசைவதில்லை. காற்றோ 107-இலேயே இருக்கிறது. பதற்றத்தில் பலர் குமிழை உயர்த்துகிறார்கள். பெட்டியைக் கழற்றியவர்களும் உண்டு.

மண்பானையில் நீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று அறிந்த நமக்கு இது புதிராக இருக்க வேண்டியதில்லை. இறைச்சியில் பெரும்பகுதி நீர். சூடேற ஏற அது மேற்பரப்புக்குக் கசிந்து ஆவியாகிறது. 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,300 ஜூல் வேண்டும். மணிக்கு 100 கிராம் ஆவியானால் 230 கிலோஜூல் செலவு. அதாவது இடைவிடாமல் 64 வாட். இதே வெப்பம் 5 கிலோ இறைச்சிக்குள் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் அதை ஏறத்தாழ 13 டிகிரி உயர்த்தியிருக்கும். காற்று தரும் வெப்பமும் ஆவி கொண்டுபோகும் வெப்பமும் சமமானால் வெப்பமானி நிற்காமல் என்ன செய்யும்? இறைச்சி ஒரு பெரிய ஈரக்குமிழ் வெப்பமானி ஆகிவிடுகிறது.

தசைநார் உருகி ஜெலட்டினாக மாறுவதால்தான் வெப்பம் செலவாகிறது என்று முன்பு பலர் கூறினர். அது நடப்பது உண்மை. கடினமான இறைச்சி மென்மையாவதே அதனால்தான். ஆனால் அதற்கு ஆகும் வெப்பம் இந்தத் தேக்கத்தை விளக்கப் போதாது. 2010-க்குப் பின் கிரெக் பிளாண்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் நேரடியாகவே சோதித்தார்: இறைச்சியோடு நீரில் நனைத்த பஞ்சு ஒன்றையும், வெறும் கொழுப்புக் கட்டி ஒன்றையும் சூடேற்றினார். தசைநாரே இல்லாத ஈரப்பஞ்சும் தேங்கியது. நீர் மிகக் குறைந்த கொழுப்போ நிற்காமல் ஏறியது. இதைவிடத் தெளிவான சோதனையைக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் காண்பது அரிது.

தேக்கத்தை உடைக்க வேண்டுமென்றால் ஆவியாதலைத் தடுக்க வேண்டும். இறைச்சியை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிவிட்டால் எண் மறுபடி ஏறத் தொடங்கும். இந்த உபாயத்துக்கு அங்கே 'டெக்சாஸ் ஊன்றுகோல்' என்று கேலிப்பெயர்; மேல்தோல் மொறுமொறுப்பு குறைந்துவிடும் என்பது கலைஞர்களின் குறை. காத்திருந்தாலும் பரவாயில்லை, மேற்பரப்பு உலர்ந்ததும் தானே ஏறி, 95-ஐ ஒட்டிய இலக்கை எட்டும்.

ஆனால் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட எல்லையில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை எச்சரிக்கிறது. உறைந்த இறைச்சியை முழுதும் இளகச் செய்தபின்தான் பெட்டியில் வைக்க வேண்டும், பெட்டிக்கு ஒன்றும் இறைச்சிக்கு ஒன்றுமாக இரண்டு வெப்பமானி வேண்டும் என்கிறது. வழக்கமான தேக்கம் இந்த எல்லையைத் தாண்டியபின் வருவது, அஞ்ச வேண்டாம். இறைச்சியின் எண் 60-க்குக் கீழேயே மணிக்கணக்கில் நின்றால் முதலில் கம்பித் தட்டிலுள்ள வெப்பமானியைப் பாருங்கள். அதுவும் தாழ்ந்திருந்தால் குற்றம் பெட்டியினுடையது. நீட்டிப்புக் கம்பி, கதவுப் பட்டை, சுருள் முனை என்று வரிசையாகச் சோதிக்கலாம். அந்த இறைச்சியை மட்டும் யாருக்கும் பரிமாற வேண்டாம்.